கஷ்டத்துக்கு இங்கிலீஷில் எத்தனை சொல்

கடலூர் முதுநகரில் சாயங்காலம் நடக்கும் எங்கள் இங்கிலீஷ் வகுப்புக்குச் சோனாங்குப்பத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். கல்லூரியில் முதலாண்டு. அப்பா விசைப்படகில் மீன் பிடிக்கப் பங்குக்குப் போகிறவர். உதவித்தொகை கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு அவள் எழுதியிருந்த கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். இரண்டாவது வரி இப்படி இருந்தது: ‘மை ஃபேமிலி இஸ் வெரி புவர் அண்ட் வீக். வீ ஆர் ப்ரோக் அண்ட் டெஸ்டிட்யூட்.’

போனில் இருக்கும் அகராதியில் ‘ஏழை’ என்று போட்டுத் தேடியிருக்கிறாள். வரிசையாக வந்து விழுந்ததில் நான்கை எடுத்துக்கொண்டாள். “எல்லாமே ஏழைன்னுதானே மிஸ் அர்த்தம்? நாலையும் போட்டா அவங்களுக்கு நல்லாப் புரியும்னு போட்டேன்” என்றாள்.

இலக்கணத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கிற ஒருவர் மனசில் என்ன படம் வரும் என்று பாருங்கள். ‘டெஸ்டிட்யூட்’ என்றால் நாதியில்லாத குடும்பம். ‘ப்ரோக்’ என்றால் இந்த மாசம் கையில் காசு தீர்ந்துபோனவர்கள். ‘வீக்’ என்றால் உடம்புக்கு முடியாதவர்கள். ஒரே வரியில் மூன்று குடும்பம் நிற்கிறது. அவளுடைய குடும்பம் இந்த மூன்றில் எதுவும் இல்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இங்கிலீஷ் புதிதாகக் கற்கிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு தடவையாவது வழுக்குகிறார்கள்.

முதலில் நம் வீட்டுத் தமிழை எடுத்துக்கொள்வோம். அன்றைக்குச் சம்பாதித்து அன்றைக்கே உலை வைப்பவரை அன்னாடங்காய்ச்சி என்கிறோம். இருந்ததெல்லாம் போய், கையில் திருவோடு மட்டும் மிச்சம் என்று நிற்பவர் ஓட்டாண்டி. தாத்தா காலத்தில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்து, இன்றைக்கு வாடகை வீட்டில் இருக்கிற குடும்பத்தை ‘வாழ்ந்து கெட்டவங்க’ என்போம். வியாபாரத்தில் அடி வாங்கியவர் ‘நொடிச்சுப் போயிட்டார்’. பொதுவாகச் சொல்ல ‘இல்லாதப்பட்டவங்க’. நம்மைப் பற்றியே சொல்லும்போது இந்த எதையும் எடுக்காமல் ‘வீட்ல கொஞ்சம் கஷ்டம்’ என்று முடித்துக்கொள்வோம். அன்னாடங்காய்ச்சியை ஓட்டாண்டி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், வர வேண்டும். அவர் உழைத்துச் சாப்பிடுகிறவர். இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. இங்கிலீஷிலும் அதே போலச் சொல்லுக்குச் சொல் வேறுபாடு உண்டு. அதை மட்டும் நாம் காதால் கேட்டு வளரவில்லை, அதனால் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

‘புவர்’ என்பதிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘பாப்பெர்’ என்று ஒரு சொல், கொஞ்சமாகவே ஈட்டுகிற என்று பொருள். அது பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்து ‘புவர்’ ஆனது. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் புதுச்சேரியில் இதே சொல்லின் உடன்பிறப்பு ‘போவ்ர்’ என்று வாழ்கிறது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் 1690இல் மராத்தியரிடம் வாங்கினார்கள், பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் பகையாளிகளாக இருந்தாலும் ஏழையைக் குறிக்க இருவரும் வைத்திருந்தது ஒரே லத்தீன் வேர்தான்.

கொஞ்சமாக ஈட்டுவது என்ற அந்தப் பழைய பொருள் ‘புவர்’ சொல்லுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் இங்கிலீஷில் மண்ணையும் ‘புவர் சாயில்’ என்கிறார்கள், விளைச்சல் தராத மண். ரோடு மோசமாக இருந்தால் ‘புவர் ரோடு’. மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் ‘புவர்’ என்று எழுதினால் பையன் வீட்டில் காசில்லை என்று பொருளில்லை, தேர்வில் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். இந்த இரண்டும் எளிதாகப் புரிந்துவிடும். மூன்றாவதாக ஒரு பொருள் இருக்கிறது, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை: நாம் ‘பாவம்’ என்று சொல்கிற இடம். பஸ்ஸில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் ‘ஐயோ பாவம்’ என்கிறோம். இங்கிலீஷ்காரர் அங்கே ‘புவர் திங்’ என்பார். குழந்தையின் அப்பா கோடீஸ்வரராக இருந்தாலும் அது ‘புவர் திங்’தான்.

சரி, ‘புவர் மேன்’ என்று ஒருவர் சொன்னால் காசில்லாதவர் என்கிறாரா, பரிதாபத்துக்குரியவர் என்கிறாரா? இங்கிலீஷில் அது சூழலையும் குரலையும் பொறுத்தது. பிரெஞ்சில் இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது. ‘அன் ஓம் போவ்ர்’ என்று ஆளுக்குப் பின்னால் சொல்லை வைத்தால் பணமில்லாத மனிதர். ‘அன் போவ்ர் ஓம்’ என்று முன்னால் வைத்தால் பாவப்பட்ட மனிதர். சொல்லின் இடம் மாறினால் பணம் மனசாக மாறிவிடுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற தோழி ஒருத்தி இதை எனக்குச் சொன்ன நாளிலிருந்து ‘புவர்’ என்று யாராவது எழுதினால் இது முன்னாலா பின்னாலா என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் ‘வீ ஆர் வெரி புவர்’ என்று எழுதும்போது காசில்லை என்ற செய்தியோடு ‘எங்களைப் பார்த்துப் பாவப்படுங்கள்’ என்ற குரலும் சேர்ந்தே போய்விடுகிறது. அது வேண்டுமா என்பதை எழுதுகிறவர் முடிவு செய்ய வேண்டும். கேட்காமலே போய்விடக் கூடாது.

அடுத்து ‘ப்ரோக்’. இது பேச்சில் மட்டும் புழங்குகிற சொல், விண்ணப்பத்தில் போடக் கூடாதது. உடைந்துபோன என்ற பொருளில் வந்தது. மாசக் கடைசியில் சம்பளக்காரர் நண்பரிடம் ‘ஐ ஆம் ப்ரோக்’ என்றால், ‘கையில சுத்தமா காசில்லப்பா’ என்று பொருள். ஒன்றாம் தேதி வந்தால் சரியாகிவிடும். பைக் வாங்கிவிட்டுப் பெட்ரோல் போடக் காசில்லாத பையனும் ‘ப்ரோக்’தான். ஆகவே ஏழ்மைக்கும் இதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. ஏழ்மை ஒரு நிலை, ‘ப்ரோக்’ ஒரு நேரம். ‘ஹார்ட் அப்’, ‘ஷார்ட் ஆஃப் மனி’ இரண்டும் இதே வகை, கொஞ்சம் மரியாதையான பேச்சு. ‘பென்னிலெஸ்’ என்றால் ஒரு பென்னிகூட இல்லை. நாம் ‘சல்லிக்காசு இல்லை’ என்கிறோமே, அதேதான். நாம் தினம் சொல்லும் ‘துட்டு’கூட டச்சுக்காரர்களின் சின்னச் செப்புக்காசுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இங்கே தேவனாம்பட்டினத்தில் இங்கிலீஷ்காரர்களுக்கு முன்னாலேயே வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். ஆட்சி போன பிறகும் அடிமட்டக் காசின் பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

‘ப்ரோக்’ சொல்லுக்குப் பெரிய அண்ணன் ‘பேங்க்ரப்ட்’. இத்தாலியில் வட்டிக்காரர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். அந்தப் பெஞ்சுக்கு ‘பாங்கா’ என்று பெயர், நம் ‘பேங்க்’ அங்கிருந்து வந்ததுதான். உடைந்த பெஞ்சு என்பது ‘பாங்கா ரொட்டா’. அதுதான் ‘பேங்க்ரப்ட்’, அதாவது திவால். இது சட்டச் சொல். கடன் அடைக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லித் தீர்ப்பு வாங்கியவருக்கு மட்டும் பொருந்தும். நம் கடைத்தெருவில் ‘அவர் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டார்’, ‘ஐ.பி. குடுத்துட்டார்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஐ.பி., ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்ற இங்கிலீஷின் முதலெழுத்துகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சரியான சட்டச் சொல்லைச் சரியான இடத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், அது இங்கிலீஷ் என்று தெரியாமலே. பழைய ஆட்கள் ‘பாப்பர் ஆயிட்டான்’ என்பதும் அப்படித்தான்.

அந்தப் ‘பாப்பர்’ சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு காயம் இருக்கிறது. ‘புவர்’ வந்த அதே லத்தீன் வேர்தான். ஆனால் அது பிரெஞ்சு வழியாகச் சுற்றாமல் நேரே சட்டத்துக்குள் வந்தது. இங்கிலாந்தில் 1601இல் ஏழைகளுக்கான ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வரி வசூலிக்கலாம் என்றது. அந்த உதவியை வாங்குகிறவருக்குத்தான் ‘பாப்பர்’ என்று பெயர். 1697இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். உதவி வாங்குகிறவர் வலது தோள்பட்டையில், வெளியே தெரியும்படி, சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். கூடவே அவர் வட்டாரப் பெயரின் முதலெழுத்தும். மறைத்தால் உதவி நிற்கும். ‘பி’ என்றால் ‘பாப்பர்’. அந்தச் சட்டம் 1810 வரை இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு சொல்லை ஆட்கள் தோளில் தைத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் ‘பாப்பர்’ என்ற சொல் இங்கிலீஷில் சுடுவதற்கு இதுதான் காரணம். நாம் எழுதுகிற எதிலும் இந்தச் சொல்லை ஓர் ஆளின் மேல் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் நாட்டுச் சட்டமே அதை விட்டுவிட்டது. வழக்குப் போட நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். அதைக் கட்ட வழியில்லாதவர், கட்டணம் இல்லாமலே வழக்கை ஏற்கும்படி கேட்கலாம். 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆவது ஆணை அதற்கு வழி சொல்கிறது. அதில் முதலில் ‘பாப்பர்’ என்றே இருந்தது. 1976இல் சட்டத்தைத் திருத்தியபோது ‘இண்டிஜென்ட் பெர்சன்’ என்று மாற்றினார்கள். ‘இண்டிஜென்ட்’ என்றால் தேவையில் இருப்பவர், போதுமான வசதி இல்லாதவர். உரிமை அதே உரிமை, கட்டணச் சலுகை அதே சலுகை. தோளில் தைத்த துணியை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார்கள். கடலூர் கோர்ட்டில் யாராவது இந்தச் சலுகை கேட்டு மனுப் போடும்போது எழுத வேண்டிய சொல் இதுதான். கடிதத்திலோ பேச்சிலோ இது வராது, சட்டத்தாளில் மட்டும் வரும். ‘இண்டிஜினஸ்’ என்று ஒரு சொல் காதுக்கு இதே போல ஒலிக்கும். அது மண்ணின் மைந்தர் என்ற பொருள், உறவே கிடையாது.

‘டெஸ்டிட்யூட்’ சொல்லை நம் ஊரில் எல்லோரும் ஒரு தாளில் பார்த்திருப்பார்கள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு இங்கிலீஷில் ‘டெஸ்டிட்யூட் விடோ பென்ஷன்’ என்று பெயர். சோனாங்குப்பத்துப் பெண் அந்தச் சொல்லை அகராதிக்கு முன்னாலேயே பாட்டியின் காகிதங்களில் பார்த்திருக்கிறாள். “பாட்டி எங்ககூடதானே மிஸ் இருக்காங்க, அப்புறம் எப்படி டெஸ்டிட்யூட்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கைவிடப்பட்ட என்று பொருள். பணத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை, ஆளைப் பற்றித்தான் பேச்சு. தமிழில் ‘ஆதரவற்ற’ என்று மொழிபெயர்த்தவர் யாரென்று தெரியாது, ஆனால் வேருக்குள் இறங்கிப் பார்த்து எழுதியது போல அப்படியே பொருந்துகிறது. திட்டத்தில் யார் ஆதரவற்றவர் என்பதற்கு அரசு ஒரு வரையறை வைத்திருக்கும், அந்த வரையறைக்குள் வந்தால் பாட்டி கையெழுத்துப் போடலாம். அது படிவத்தின் சொல். பேத்தி தன் கடிதத்தில் தன் வீட்டைப் பற்றி எழுதும்போது அதே சொல்லை எடுத்தால், ‘எங்களுக்கு யாருமே இல்லை’ என்று எழுதுகிறாள். அப்பா வலை பின்னிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் சில சொற்களின் வாலைக் கவனிக்கச் சொல்வேன். ‘இம்பாவரிஷ்ட்’, ‘டிப்ரைவ்ட்’ இரண்டிலும் கடைசியில் செயப்பாட்டு ஒட்டு இருக்கிறது. நம் ‘-க்கப்பட்ட’ மாதிரி. அப்படியென்றால் இதை யாரோ அல்லது எதுவோ செய்திருக்கிறது. ‘புவர்’ என்பது இருக்கிற நிலையை மட்டும் சொல்லும். ‘இம்பாவரிஷ்ட்’ ஏழையாக்கப்பட்ட என்று சொல்லும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரமும் வேரோடு சாய்ந்தன. முந்திரி வைத்த மறுவருஷம் காய்ப்பதில்லை, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முந்தின நாள் வரை சொந்தத் தோப்பு வைத்திருந்த ஒருவர் ஒரே இரவில் கூலிக்குப் போகும்படி ஆனார் என்றால் அவருக்கு ‘இம்பாவரிஷ்ட்’ சரியான சொல். புயல் அவரை அப்படி ஆக்கியது. ‘டிப்ரைவ்ட்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது, கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் செய்யப்பட்ட என்கிறது. பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் வளர்ந்த குழந்தைக்கு அதைச் சொல்லலாம். இதைச் சொன்னவுடனே, ‘யார் செய்தது?’ என்ற கேள்வி படிப்பவர் மனசில் எழும். அந்தக் கேள்வி எழ வேண்டும் என்று நினைத்தால் தயங்காமல் இந்தச் சொல்லை எடுங்கள்.

அரசாங்கச் சொற்களில் இன்னொரு குடும்பம் உண்டு: ‘வீக்கர் செக்ஷன்’. அரசியலமைப்பின் 46ஆவது பிரிவில் ‘வீக்கர் செக்ஷன்ஸ் ஆஃப் த பீப்பிள்’ என்றே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடமும் ‘வீக்கர் செக்ஷன்’ குழந்தைகளுக்கும் பின்தங்கிய குழுக்களின் குழந்தைகளுக்கும்தான். 2019இல் 103ஆவது திருத்தத்தோடு ‘எகனாமிகலி வீக்கர் செக்ஷன்ஸ்’, சுருக்கமாக ‘இ.டபிள்யூ.எஸ்.’ வந்தது, அதிலும் நடுவில் அதே ‘வீக்கர்’. தமிழில் ‘நலிவடைந்த பிரிவினர்’ என்று எழுதுகிறோம். இங்கே ‘வீக்’ என்றால் உடம்பு இல்லை, சமூகத்தில் இருக்கிற பிடி. இது ஒரு கூட்டத்துக்கான சொல். ஒரு குடும்பத்தைப் பற்றி ‘வீ ஆர் வீக்’ என்று எழுத முடியாது.

‘அண்டர்பிரிவிலெஜ்ட்’ (வாய்ப்புக் குறைந்த), ‘டிசட்வான்டேஜ்ட்’ (பின்தங்கிய), ‘லோ இன்கம்’ (குறைந்த வருமானமுள்ள) எல்லாம் நோகாமல் சொல்வதற்காக வந்த சொற்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் பெரியவர்கள் ‘அரிசி இல்லை’ என்று சொல்ல விடமாட்டார்கள், ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்று சொல்லச் சொல்வார்கள். மஞ்சளும் உப்பும் அப்படித்தான். வள்ளுவர் வறுமைக்கு வைத்த சொற்களில் ஒன்று ‘நிரப்பு’. இல்லாததை நிறைந்தது என்று சொல்லும் பழக்கம் அவ்வளவு பழையது. சொல் மாறினால் உலையில் அரிசி வந்துவிடாது என்பது அந்த அம்மாக்களுக்கும் தெரியும். ஆனாலும் இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் உட்கார வைக்க அவர்களுக்கு மனசில்லை. தமிழ்நாட்டில் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனதையும் இந்தக் கண்ணோடுதான் நான் பார்க்கிறேன். முகவரியில் ‘குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு’ என்று எழுதி எழுதிக் கூசிய பிள்ளைகள் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் ரேஷன் அட்டை சிவப்பா மஞ்சளா என்றுதான் கேட்பார்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குச் சிவப்பு. நிறத்தைச் சொன்னால் போதும், வேறு சொல் தேவைப்படுவதில்லை.

வாழ்ந்து கெட்டவர்களுக்கு இங்கிலீஷில் செருப்பை வைத்துச் சொல்வார்கள். ‘டவுன் அட் ஹீல்’ என்றால் குதிகால் தேய்ந்துபோன ஷூ போட்டவர். ‘ஆன் ஹிஸ் அப்பர்ஸ்’ என்றால் அடித்தோலே தேய்ந்து மேல்தோல் மட்டும் மிச்சம். இரண்டிலும் ஒரு காலத்தில் நல்ல ஷூ வாங்கியவர் என்பது மறைந்திருக்கிறது. ‘ஹேண்ட் டு மவுத்’ என்பதற்கு விளக்கமே வேண்டாம், நம் ‘கைக்கும் வாய்க்குமான பிழைப்பு’ அதேதான்.

இப்போது உடம்புப் பக்கம் வருவோம். இதில் தவறினால் வெறும் மொழிப்பிழையாக நிற்காது. என் அம்மாவைப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். தமிழ் தெரியாத இளம் டாக்டர். அம்மா, “ஒடம்பெல்லாம் ஒரே வீக்கா இருக்குப்பா” என்றார். நான் அப்படியே ‘ஷீ ஹேஸ் வீக்னெஸ்’ என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. அம்மாவின் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்த்தார், காலைத் தூக்கச் சொல்லி அழுத்தினார். எந்தக் கை, எத்தனை மணியிலிருந்து என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. டாக்டர்களின் இங்கிலீஷில் ‘வீக்னெஸ்’ என்றால் கை காலில் பலம் போய்விட்டது, பக்கவாதமாக இருக்கலாம். அம்மா சொன்னது அசதி. அதற்கு ‘டயர்ட்’ அல்லது ‘ஃபெட்டீக்’ என்று சொல்லியிருக்க வேண்டும். தலை சுற்றினால் அது ‘டிஸ்ஸி’, மயக்கம் வந்து விழுந்தால் ‘ஃபெய்ன்ட்டட்’. இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே ஒரு பக்கக் கை விழுந்துவிட்டால் மட்டும் ‘வீக்னெஸ்’ என்று சொல்லுங்கள், சொன்னவுடன் அவர்கள் ஓடி வருவார்கள்.

‘ஃபீபிள்’ என்ற சொல் லத்தீனில் ‘அழத்தக்க’ என்ற பொருளில் பிறந்தது. பார்த்தாலே கண்ணில் நீர் வரும் அளவுக்குத் தளர்ந்தது. இன்றைக்கு மெலிந்த குரல், வலுவில்லாத சாக்கு இதற்கெல்லாம் ‘ஃபீபிள்’ என்கிறார்கள். மனிதரைச் சொன்னால் கொஞ்சம் இளப்பம் தொனிக்கும். வயசான பாட்டிக்கு ‘ஃப்ரெயில்’ என்பதே சரி. கண்ணாடிச் சாமான் பெட்டியின் மேல் ‘ஃப்ரெஜைல்’ என்று ஒட்டியிருக்குமே, இரண்டும் ஒரே லத்தீன் சொல், இரண்டு வழியாக வந்து இரண்டு வேலைக்குப் பிரிந்தன.

‘ப்யூனி’ என்று ஒரு சொல் இருக்கிறது, நோஞ்சான் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறு இதனுடையது. பழைய பிரெஞ்சில் பின்னால் பிறந்தவர் என்று பொருள்பட்ட சொல் இது. இளையவர், ஆகவே சின்னவர், ஆகவே நோஞ்சான். உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தவிர்த்த மற்ற நீதிபதிகளை ‘ப்யூனி ஜட்ஜ்’ என்பார்கள். எழுத்து வேறு, ஒலி ஒன்றே, பொருள் பழைய பொருள், அதாவது இளையவர். இதைப் படித்தபோது எனக்கு ‘சவலைப் பிள்ளை’ ஞாபகம் வந்தது. அடுத்த குழந்தை வயிற்றில் வந்ததால் தாய்ப்பால் நின்று மெலிந்துபோன மூத்த குழந்தையைத்தான் நாம் சவலை என்கிறோம். அவர்கள் பின்னால் பிறந்ததைப் பார்த்து மெலிந்தது என்றார்கள். நம் பாட்டிகள் முன்னால் பிறந்ததைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இது ஏன் மெலிந்தது என்று காரணத்தையும் சொல்லுக்குள்ளேயே வைத்தார்கள்.

‘வல்னரபிள்’ என்ற சொல் நம் கடற்கரைக்கு 2004 சுனாமிக்குப் பிறகு வந்த அறிக்கைகளில் நிறையப் புழங்கியது. காயம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இப்போது காயம் இல்லை, ஆனால் அடி விழுந்தால் முதலில் காயப்படுபவர் இவர் என்று பொருள். தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு நேர் எதிரே வீடு வைத்திருப்பவர் நல்ல உடல்பலத்தோடு, கையில் காசோடு இருக்கலாம். அவரை ‘வீக்’ என்றோ ‘புவர்’ என்றோ சொல்ல முடியாது. புயல் எச்சரிக்கை வந்தால் அவர் ‘வல்னரபிள்’.

கடைசியாக நேரம் சரியில்லாதவர்கள். ‘டவுன் ஆன் ஹிஸ் லக்’ என்றால் அதிர்ஷ்டம் கீழே இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு. ‘அவருக்கு நேரம் சரியில்ல’ என்று நாம் சொல்வதில் இருக்கிற அதே பரிவு இதிலும் உண்டு. அவர்மேல் குற்றமில்லை, நேரத்தின்மேல்தான். ‘ஹேப்லெஸ்’ என்றால் அதிர்ஷ்டமே இல்லாதவர். ‘ஹேப்’ என்பது அதிர்ஷ்டத்துக்குப் பழைய சொல், ‘ஹேப்பி’யும் அதிலிருந்துதான். முதலில் ‘ஹேப்பி’ என்றால் அதிர்ஷ்டசாலி என்றுதான் பொருள். ‘டிஸாஸ்டர்’ என்பதற்குள் கெட்ட நட்சத்திரம் உட்கார்ந்திருக்கிறது, நம் ஏழரைச் சனியைப் போல. படுதுயரத்தில் இருப்பவரைச் சொல்லும் ‘ரெச்சட்’ என்பதன் பழைய பொருள் நாடு கடத்தப்பட்டவர். ‘மிசரபிள்’ வந்த லத்தீன் ‘மிசெர்’ என்றால் துயரப்பட்டவர். அதே சொல் இங்கிலீஷில் ‘மைசர்’ என்று மாறிக் கஞ்சனைக் குறிக்கிறது. பெட்டி நிறையக் காசை வைத்துக்கொண்டு கஞ்சி குடிப்பவனும் துயரப்பட்டவன்தான் என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் யூகோவின் ‘லே மிசெராப்ள்’ நாவலைப் புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த சுத்தானந்த பாரதி ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். அந்த ஒற்றைப் பிரெஞ்சுச் சொல்லில் வறுமையும் துன்பமும் இழிவும் சேர்ந்தே இருக்கின்றன. ‘ஏழை’ என்று மட்டும் வைத்தால் பாதி போய்விடும் என்று தெரிந்து ‘படும் பாடு’ என்று சேர்த்திருக்கிறார். ஒரு சொல்லுக்கு மூன்று சொல் கொடுப்பது சில இடங்களில் நியாயம்.

இங்கிலீஷுக்கு நம்மிடமிருந்து போன ஒரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். ‘பரியா’ என்று செய்தித்தாளில் வரும், எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்று. பறையர் என்ற பெயரைத்தான் அப்படி எடுத்துப்போய் வைத்திருக்கிறார்கள். நம்மோடு தெருவில் வாழ்கிற மக்களின் பெயரை ஒதுக்கப்பட்டதற்குச் சொல்லாக்கியது பெரிய அநியாயம். என் வகுப்பில் யாரும் அதை எழுத நான் விடுவதில்லை. ‘அவுட்காஸ்ட்’ என்ற சொல்கூட வேண்டாம், ‘ஷன்ட்’ என்று எழுதுங்கள், ஒதுக்கப்பட்ட என்று மட்டும் அதற்குப் பொருள்.

அந்தப் பெண்ணின் கடிதத்துக்கு வருகிறேன். நான்கு சொல்லையும் பென்சிலால் லேசாக அடித்தோம். “சரி, உங்க வீட்ல எப்பக் கஷ்டம்?” என்று கேட்டேன். எப்பவும் என்றாள் முதலில். பிறகு யோசித்து, “தடைக்காலத்துலதான் மிஸ் ரொம்ப. அப்பதான் காலேஜ் ஃபீஸும் கட்டணும்” என்றாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் பாடு கிடையாது. இங்கிலீஷில் இப்படி ஒரு நெருக்கடியைக் கடப்பதற்கு ‘டைட் ஓவர்’ என்று சொல்வார்கள். அலையேற்றம் வரும்போது படகு அதன் மேலேறி மேட்டைத் தாண்டிப் போவது. அதைச் சொன்னவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்துவாரத்தில் மணல்மேட்டைத் தாண்டப் படகு நீரேற்றத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள்.

புதிதாக எழுதியதில் மூன்று வரி இருந்தது. அப்பா மீன்பிடிப் படகில் பங்குக்கு வேலை பார்க்கிறார். வருஷத்தில் 61 நாள் அவருக்கு வருமானம் கிடையாது, அந்த நாட்களிலேயே என் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களைத் தாண்ட இந்த உதவி போதும். கீழே, இணைப்பு: வருமானச் சான்றிதழ்.

படித்துப் பார்த்துவிட்டு, “புவர்னு எங்கயுமே இல்லையே மிஸ்” என்றாள். வேணும்னா ஒரு இடத்தில் போட்டுக்கொள் என்றேன். பேனாவை வாயருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு முதல் வரிக்கு மேல் இருந்த இடத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தாள்: ‘வீ ஆர் அ ஃபிஷிங் ஃபேமிலி ஃப்ரம் சோனாங்குப்பம்.’